பால் கத்தியும் பாராங்கும்

தோட்டத்து லயன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இரண்டு கத்திகளை நினைவிருக்கும். ஒன்று, அடுப்படிக் கூரையின் சந்தில் செருகி வைத்திருக்கும் பாராங். விறகு பிளக்க, வேலி கட்ட, தேங்காய் வெட்ட, புல் சீவ, பாம்பு அடிக்க என்று யார் கேட்டாலும் அது கைக்கு வரும். மற்றொன்று, பால் வெட்டும் கத்தி. அது பழந்துணியில் சுற்றப்பட்டு, தீட்டுக்கல்லோடு சேர்ந்து, எட்டாத இடத்தில் இருக்கும். அதை வெட்டுக்குப் போகிறவரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது.

பல ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் நான்காம் ஆண்டு படித்த ஒரு பையன், வீங்கிய கன்னத்தோடு பள்ளிக்கு வந்தான். விசாரித்தோம். பட்டம் செய்வதற்காக மூங்கிலைப் பிளந்திருக்கிறான். பாராங் கனமாக இருந்ததால் அம்மாவின் பால் கத்தியை எடுத்திருக்கிறான். அவ்வளவுதான். "ஐயா, பாராங்கை எடுத்திருந்தால் அம்மா ஒன்றுமே சொல்லியிருக்கமாட்டார். இந்தச் சின்னக் கத்திக்கு ஏன் இவ்வளவு அடி?" என்று கேட்டான்.

"அது வேலைக் கத்தி அல்லவா?" என்று சொல்லிச் சமாளித்தோம். அவனுக்கு அந்தப் பதில் போதவில்லை. உண்மையைச் சொன்னால் நமக்கும் போதவில்லை. அன்று மாலை அந்தத் தாயாரிடமே போய்க் கேட்டோம். அவர் கத்தியை எடுத்து வந்து விளக்குப் பக்கம் திருப்பிக் காட்டினார். அதன் வாயில் கடுகளவுக்கு ஒரு பல் விழுந்திருந்தது. "இந்தப் பல்லு நாளைக்கு மரத்திலே விழும் வாத்தியாரய்யா. மரத்திலே விழுந்தா தண்டல் வாயிலே விழும். அப்புறம் சம்பளத்திலே விழும்" என்றார்.

கடுகளவு பல்லுக்குள் எவ்வளவு வரலாறு இருக்கிறது என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறோம்.

பால்மரத்தின் பிறப்பிடம் தென் அமெரிக்காவில் அமேசான் ஆற்றுப் படுகை என்பது மாணவர்களுக்குத் தெரியும். அங்கே பிரேசில் நாட்டில், காட்டுக்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாக நிற்கும் மரங்களைத் தேடிப் போய்ப் பால் எடுத்தவர்கள் கையில் இருந்தது கத்தி அல்ல, கைக்கு அடக்கமான ஒரு சிறு கோடரி. மரத்தின் பட்டையில் கோடரியால் ஒரு கொத்து. கொத்திய இடத்துக்குக் கீழே ஒரு சிறு கிண்ணம். மறுநாள் வேறோர் இடத்தில் வேறொரு கொத்து.

கோடரியின் வாயை ஒருமுறை பக்கவாட்டில் பாருங்கள். அது ஆப்பு வடிவம். ஆப்பின் வேலை பிளப்பது. பட்டையைக் கொத்தினால் அது பட்டையோடு நிற்காது; பட்டையைக் கிழித்துக்கொண்டு உள்ளே மரக்கட்டை வரை போய்விடும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் ஈரமான மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. அதை விஞ்ஞானிகள் கேம்பியம் என்பார்கள். புதுப்பட்டையை உண்டாக்குவதும் அதுதான், மரத்தைப் பருக்கவைப்பதும் அதுதான். அதில் காயம் பட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாக ஆறும். முடிச்சு விழுந்த இடத்தில் மறுபடியும் ஒழுங்காக வெட்ட முடியாது. காட்டு மரம்தானே, இது போனால் இன்னொன்று என்று இருந்தவர்களுக்கு அது பெரிய குறையாகத் தெரியாமல் போயிருக்கலாம். நட்டு, உரமிட்டு, ஆறேழு ஆண்டுகள் காத்திருந்து வளர்க்கிற மரத்தில் அப்படிச் செய்தால் என்னவாகும்?

1876-ஆம் ஆண்டு ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் தபாஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அடுத்த ஆண்டு, 1877-இல், 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது பேராக் மாநிலத்தின் குவாலா கங்சாருக்குப் போய், அங்கே ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. மரம் வந்துவிட்டது. ஆனால் அதை எதனால், எப்படி வெட்டுவது என்பது கூடவே வரவில்லை. வந்ததெல்லாம் கோடரிக் கதைதான்.

1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி என்பவர்தான் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். சட்டைப் பையில் ரப்பர் விதைகளோடு திரிந்து, காப்பித் தோட்டக்காரர்களிடமெல்லாம் 'இதை நடுங்கள்' என்று சொன்னதால் அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்ற பெயரே வந்தது. அவர் நூறு வயதைத் தாண்டி 1956 வரை வாழ்ந்ததால், தம்மைக் கேலி செய்தவர்களின் பேரன்மார் ரப்பரால் செல்வம் சேர்த்ததையும் பார்த்திருக்கக்கூடும்.

ரிட்லி கண்டது இதுதான். ஒவ்வொரு நாளும் புதிய இடத்தில் கொத்தவேண்டாம். முதலில் வெட்டிய கோட்டின் கீழ் ஓரத்தையே சில நாட்கள் இடைவெளியில் மெல்லச் சீவினால் போதும். பால் மறுபடியும் வரும். அதுவும் முதல் நாளைவிடப் பின் நாட்களில் கூடுதலாகவே வரும். கட்டை வரை போகவேண்டியதே இல்லை. சீவிய இடத்தில் சில ஆண்டுகளில் புதுப்பட்டை வளர்ந்துவிடும், அதையும் வெட்டலாம். நடுவில் ஒரு நேர்க்கோடும் இருபுறமும் சாய்ந்த கோடுகளுமாக, மீன் முள்ளைப் போல அந்தக் காலத்தில் வெட்டினார்கள். 1890-களில் இந்த முறை தெளிவான உருவம் பெற்றது. 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பரைத் தோட்டப் பயிராக நட்டார். அதன் பிறகு மோட்டார் வண்டிகள் பெருகின, டயர்கள் பெருகின, காடுகள் அழிந்து ரப்பர்த் தோட்டங்களாயின. அந்தக் கதையைப் பாடநூல்கள் நிறையவே சொல்லியிருக்கின்றன.

பாடநூல்கள் விட்டுவிட்டது கத்தியை. கொத்துவதற்குக் கோடரி போதும், சீவுவதற்கு எது? முதலில் அகப்பட்டதையெல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். தச்சரின் உளியையும் கொட்டாப்புளியையும் வைத்துப் பார்த்தார்கள். குதிரைக்கு லாடம் அடிப்பவர் குளம்பைச் செதுக்கப் பயன்படுத்துகிற, முனை சுருண்ட கத்தியை எடுத்தார்கள். இந்த லாடக் கத்தி ஓரளவுக்குச் சரியாக அமைந்துவிட்டது. காரணம் யோசித்தால் விளங்கும். குளம்பும் பட்டையைப் போன்றதுதான்; வெளியே உணர்ச்சியற்றது, உள்ளே உயிருள்ளது. மேலோடு சீவவேண்டும், உயிரைத் தொடக்கூடாது. வேலை ஒன்றுபோல் இருந்ததால் கத்தியும் பொருந்தியது.

இலங்கைத் தோட்டக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 1906-இல் பேராதனைத் தாவரத் தோட்டத்தில் ஒரு ரப்பர்க் கண்காட்சி நடந்தது. அந்தக் காலத்தில் ஆளாளுக்கு ஒரு கத்தியைக் கண்டுபிடித்துத் தம் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். சீவுகிற ஆழத்தைத் திருகாணியால் கட்டுப்படுத்தும் கத்தி ஒன்று. முட்கள் பதித்த சிறு சக்கரத்தை உருட்டிப் பட்டையில் துளைகள் இடும் கருவி மற்றொன்று. துளை போட்டால் பட்டை மிச்சமாகும் என்று நினைத்தார்கள். முள் ஒவ்வொன்றும் கேம்பியத்தில் குத்தி முடிச்சுகளை உண்டாக்கியதால் அதைக் கைவிட்டார்கள். திருகாணிகளும் நிலைக்கவில்லை. எந்த இரண்டு மரத்துக்கும் பட்டை ஒரே தடிப்பில் இருப்பதில்லை. ஒரே மரத்திலும் மேலே ஒரு தடிப்பு, கீழே ஒரு தடிப்பு. அளவு கத்தியில் இருந்தால் ஒத்துவராது, கையில்தான் இருக்கவேண்டும் என்பது மெல்ல மெல்லத் தெளிவாயிற்று.

மலாயாவில் கடைசியில் நிலைத்தது ஜெபோங் என்று பெயர் பெற்ற கத்தி. நம் பெற்றோர் பிடித்தது பெரும்பாலும் அதைத்தான். அதன் நுனி ஆங்கில 'வி' எழுத்தைப் போல மடிந்திருக்கும். அந்த மடிப்பு அலங்காரத்துக்காக அல்ல. ஒரே இழுப்பில் அது இரண்டு வேலை செய்கிறது. ஒரு பக்கம் வெட்டுக்கோட்டின் தரையைச் சீவுகிறது. மறுபக்கம் அதன் சுவரைச் சீவுகிறது. இரண்டும் சேர்ந்து ஒரு சிறு வாய்க்கால் உண்டாகிறது. பால் அந்த வாய்க்காலில் ஓடி, தகரப் பீலி வழியாக மங்கில் விழுகிறது. மடிப்பின் மூலை மழுங்கியிருந்தால் வாய்க்கால் சரியாக விழாது. பால் பட்டையின் மேல் வழிந்து வீணாகும். மழை பெய்த மறுநாள் காலையில் பால் வழிந்தோடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் தெரியும்.

பிள்ளைகளுக்காக இங்கே கொஞ்சம் கணக்குப் போடுவோம். பால்குழாய்கள் பட்டையின் உட்பக்கத்தில், கேம்பியத்தை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கின்றன. ஆகவே ஆழமாக வெட்டினால்தான் பால் கிடைக்கும். ஆனால் கேம்பியத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே கத்தி நிற்கவேண்டும். அதைத் தாண்டினால் காயம். இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடம் விட்டால் பால் குறைவு. இது ஆழத்தின் கணக்கு.

அடுத்தது சீவலின் கணக்கு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று ஆண்டுக்கு 150 முறை ஒரு மரத்தை வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை போனால் ஆண்டுக்கு 225 மில்லிமீட்டர், அதாவது 22.5 சென்டிமீட்டர். கத்தி மழுங்கி, ஒரு வெட்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் போனால் ஆண்டுக்கு 30 சென்டிமீட்டர். தரையிலிருந்து 150 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டைத் தொடங்கினால், முதல் கையில் அந்தப் பட்டை ஆறு ஆண்டுகள் எட்டு மாதங்களுக்கு வரும். இரண்டாவது கையில் ஐந்தே ஆண்டுகளில் தீர்ந்துவிடும். இடையிலுள்ள வேறுபாடு அரை மில்லிமீட்டர். இரண்டு தபால் அட்டைகளை அடுக்கினால் என்ன கனமோ, அவ்வளவுதான். புதுப்பட்டை தடிப்பதற்குள் பழைய பட்டை தீர்ந்துபோனால் அந்த மரத்துக்கும் ஓய்வில்லை, தோட்டத்துக்கும் வருமானமில்லை.

இதையெல்லாம் எந்த வெளிச்சத்தில் செய்தார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். விடியுமுன் மரத்தில் நீரழுத்தம் மிகுந்திருக்கும், பால் நன்றாக ஓடும். ஆகவே பெரட்டு முடிந்து, இருட்டோடு இருட்டாக வெட்டுக்காட்டுக்குப் போய், நெற்றியில் கட்டிய விளக்கின் ஒளியில் வெட்டினார்கள். ஒரு மில்லிமீட்டரைக் கண்ணால் அளக்க முடியாது. கத்தி பட்டையில் ஓடும்போது எழும் சத்தமும், கைக்குத் தட்டுப்படும் பிடிமானமும்தான் அளவுகோல். 'உள்பட்டை வந்தால் கத்தி சொல்லும்' என்று பழைய வெட்டுக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்குவதற்கும் காரணம் உண்டு. பால்குழாய்கள் நேர்க்குத்தாக இல்லாமல் சற்றே வலப்பக்கம் சாய்ந்து மேலேறுகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு, அவற்றில் கூடுதலான குழாய்களைத் திறந்துவிடுகிறது. காரணம் தெரியாமலே கைகள் அதைப் பழகிக்கொண்டன.

அந்தக் கைகள் யாருடையவை? சேலம், திருச்சி, தஞ்சை, வட ஆர்க்காடு ஆகிய ஊர்ப்பக்கங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் பலர். நெல்லும் கேழ்வரகும் அறுத்தவர்கள். அவர்கள் அறிந்திருந்தது வாயில் பல் வைத்த கருக்கரிவாளும், மண்வெட்டியும், வெட்டரிவாளும். கருக்கரிவாளின் பல், தாளைப் பற்றி இழுத்து அறுப்பதற்கு உதவும். அங்கே பல் இருப்பதுதான் நன்மை. இங்கே அதே பல் கேடு. முன்பின் பார்த்திராத ஒரு மரத்தில், முன்பின் பிடித்திராத ஒரு கத்தியால், ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் வேலை செய்ய அவர்கள் கற்றுக்கொண்டார்கள். ஆனால் அக்கால ஏடுகள் அவர்களைத் திறன் தேவையில்லாத கூலிகள் என்றே எழுதி வைத்தன. நமக்கு இதில் வருத்தம் உண்டு. திறன் இல்லாத வேலையாக இருந்தால், பட்டை செலவாவதைக் கண்காணிக்க மரந்தோறும் அடையாளக் கோடு எதற்கு? 1925-இல் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், மரம் வெட்டும் முறையை ஆராய்ந்து பயிற்சிக் குறிப்புகளை வெளியிட்டது எதற்கு? மரத்தில் காயம் வைத்தால் ஏச்சும் பிடித்தமும் எதற்கு?

இனி பாராங்கைப் பார்ப்போம். அதற்கும் தனிப் பெருமை உண்டு. மலாய் மக்களும் பூர்வகுடி மக்களும் காடு திருத்திப் பயிர் செய்த காலத்திலிருந்து அது இந்த மண்ணின் கருவி. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வடிவம். கோலோக் என்பது குட்டையாகவும் வயிறு பருத்தும் இருக்கும். சரவாக்கின் ஈபான் மக்கள் நாள்தோறும் கையில் எடுக்கும் டுக்கு வேறு. போருக்கென்று செய்த ஈலாங் வேறு. தென் அமெரிக்காவில் கரும்பும் புல்லும் வெட்டுகிற மாச்செட்டி என்ற நீண்ட கத்தியோடு பாராங்கை ஒப்பிட்டால் ஒன்று புரியும். மாச்செட்டியின் தகடு மெல்லியது. மென்மையான தண்டுகளை வீசி அறுத்துக்கொண்டே போகலாம். நம் காட்டில் கொடியும் கிளையும் முற்றியவை. ஆகவே பாராங்கின் முதுகு தடித்தது, கனம் நுனியை நோக்கிச் சாய்ந்தது, வாய் இருபுறமும் புளியங்கொட்டையின் முதுகைப் போலச் சற்றே உப்பியது. அந்த உப்பல்தான் கட்டையில் வெட்டு சிக்கிக்கொள்ளாமல் பிளந்து விடுவிக்கிறது. சமையல் கத்தியின் வாய் ஏறக்குறைய 30 முதல் 40 டிகிரி கோணத்தில் சேரும் என்றால், பாராங்கின் வாய் 50 டிகிரி, அதற்கு மேலும் இருக்கும். பாராங்கைச் சவரக் கத்திபோல மெலிதாகத் தீட்டி வைத்துக்கொண்டு பெருமைப்படுகிறவர்கள் முதல் கணுவிலேயே அதன் வாயைச் சுருட்டிக்கொள்வார்கள்.

இரும்பு விஷயத்திலும் இரண்டும் வேறு. இரும்போடு கரி எவ்வளவு சேர்கிறது என்பதைப் பொறுத்து எஃகின் குணம் மாறும். நூற்றுக்கு கால் பங்குக்கும் குறைவாகக் கரி இருந்தால் அது ஆணிக்கும் கம்பிக்கும் ஆகும், கூர் தாங்காது. அரைப் பங்குக்குச் சற்று மேலே இருந்தால் லாரியின் பட்டை வில். வளைந்து நிமிரும், அடி தாங்கும். ஒரு பங்கை எட்டினால் அரம். மிகக் கடினம், ஆனால் கீழே போட்டால் ஒடியும். லாரிகள் பெருகிய பிறகு கம்பத்துக் கொல்லர்கள் பழைய பட்டை வில்லை வெட்டிப் பாராங் அடித்ததன் காரணம் இதுதான். அது மலிவு என்பது மட்டுமல்ல, வேலைக்குப் பொருத்தமும் கூட. ஆணியிலோ கல்லிலோ பட்டால் அதன் வாய் நசுங்குமே தவிர உடையாது. மாலையில் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும். பால் கத்திக்கு அந்த மென்மை ஆகாது. ஒரு காலையில் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவவேண்டும். நடுவில் கூர் போய்விடக்கூடாது. ஆகவே அதற்குக் கடினமான எஃகு, மெல்லிய வாய். கடினமானது என்பதால்தான் அந்தப் பையன் மூங்கில் கணுவில் திருகியபோது நசுங்காமல் பல் விழுந்தது.

எஃகைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. மூசையில் இரும்பை வைத்து உருக்கிக் கரியேற்றிச் செய்த தென்னிந்திய எஃகை ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்று அழைத்தார்கள். நம் 'உருக்கு', கன்னடத்து 'உக்கு' ஆகிய சொற்களின் உறவு அது என்பார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டுப் பக்கத்தில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740-களில் மூசை எஃகு செய்யத் தொடங்குவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் கொல்லர்கள் அதைச் செய்தார்கள். லண்டன் கத்தி வியாபாரி ஸ்டோடார்ட்டும் விஞ்ஞானி ஃபாரடேயும் சேர்ந்து 1820 வாக்கில் அந்த எஃகின் இரகசியத்தை அறிய ஆராய்ச்சி நடத்தினார்கள். பின்னாளில் ஷெஃபீல்டு, பர்மிங்காம் பட்டறைகளின் கத்திகள் கப்பலேறி நம் தோட்டத்து ஸ்டோர் அறைகளுக்கு வந்தன என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது.

ஷெஃபீல்டில் 1913-இல் ஹாரி பிரியர்லி என்பவர் குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகைக் கண்டார். அதனால் கடைகளில் பளபளக்கும் கத்திகள் நிறைந்துவிட்டன. பளபளப்பில் மயங்கவேண்டாம். துரு ஏறாது என்பது உண்மை. மேசைக்கும் மீன் வெட்டவும் நன்று. ஆனால் வெளி வேலைக்கு, சாதாரணத் தீட்டுக்கல்லில் சீக்கிரம் கூர் ஏறும் கரி எஃகே நமக்கு எளிது. துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைத்தால் அது துருவும் ஏறாது.

பாராங் வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே சிலவற்றைப் பார்க்கலாம். முதுகிலிருந்து வாய் வரை தகடு படிப்படியாக மெலிகிறதா என்று பாருங்கள்; ஒரே தடிப்பில் இருந்து ஓரத்தில் மட்டும் தீட்டியிருந்தால் அது வெறும் தகரம். விளிம்பில் ஓர் அரத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். கண்ணாடிமேல் ஓடுவதுபோல் வழுக்கினால் மிகக் கடினம், வாய் உடையும். வெண்ணெய்போல் உள்ளே இறங்கினால் பதம் போதாது, கூர் நிற்காது. பிடித்தும் பிடிக்காமலும் அரம் கடித்தால் அதுதான் பதம். கத்தியின் வால் பிடிக்குள் ஆழமாக இறங்கியிருக்கிறதா என்பதை மறந்துவிடாதீர்கள். ஆடுகிற பிடியிலிருந்து கழன்று பறக்கும் பாராங் யாருடைய காலையும் கேட்டுக்கொண்டு வெட்டாது.

தவறான கத்தி பால்மரத்தில் விழுந்த ஒரு காலமும் உண்டு. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், காட்டிலிருந்து போராடியவர்கள் தோட்டங்களின் வருமானத்தை முடக்க, பால்மரங்களை வெட்டிக் காயப்படுத்தினார்கள். மரத்தைச் சாய்க்கவேண்டியதே இல்லை. வெட்டுப்பட்டையில் ஆழமாக நாலு கொத்து போதும், அந்தப் பட்டை பல ஆண்டுகளுக்கு உதவாது. தோட்ட முதலாளிக்கு அது நட்டக் கணக்கு. மறுநாள் காலை தம் நிரையில் வந்து நின்ற வெட்டுக்காரருக்கு அது அன்றைய அரிசி.

காலம் மாறிவிட்டது. சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் 1917-இல் வணிகப் பயிராகத் தொடங்கிய செம்பனை, 1960-களுக்குப் பிறகு ரப்பரை நிரை நிரையாகத் தள்ளிவிட்டது. வெட்டுக்காரர்கள் புதிய கத்திகளைப் பிடித்தார்கள். குட்டை மரத்துக்கு நீண்ட கம்பில் செருகிய அகன்ற உளி. மரம் உயர்ந்த பிறகு கம்பு நுனியில் கட்டிய வளைந்த அரிவாள். உளி தள்ளுவது, அரிவாள் இழுப்பது. பட்டையில் ஒரு மில்லிமீட்டர் பார்த்த கை, கழுத்தை நிமிர்த்திக் குலைக்காம்பைத் தேடக் கற்றுக்கொண்டது. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பல குடும்பங்கள் பட்டணத்துக்குப் போயின. பால் கத்திகள் பழைய இரும்புக்காரரிடம் போயின.

அந்தப் பையனின் தாயார் பல்லுப்போன கத்தியை எறியவில்லை. இரண்டு மாலைகள் தொடர்ந்து லயன் வாசலில் உட்கார்ந்து, தட்டைக் கல்லால் வெளிப்பக்கமும், மெல்லிய உருட்டுக் கல்லால் மடிப்பின் உட்பக்கமும் தேய்த்து, அந்தக் கடுகளவு பள்ளம் மறையும்வரை வாயைக் கீழே இறக்கினார். அதுவரைக்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கத்தி இரவல் வாங்கிப் போனார். நல்ல கத்திதான், ஆனால் அது வேறொரு கையின் சாய்வுக்குத் தீட்டிய கத்தி. அந்த இரண்டு நாட்களில் தம் நிரையில் ஏழு மரங்களில் காயம் விழுந்ததாக அவரே எண்ணிச் சொன்னார். பிறகு தம் கத்தியை எடுத்துக் கட்டைவிரல் நகத்தின் மேல் சாய்த்து வைத்துப் பார்த்தார். வழுக்காமல் நகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. துணியில் சுற்றி மேலே வைத்துவிட்டு, மகனைக் கூப்பிட்டுப் பாராங்கைக் கொடுத்து, மூங்கிலை எப்படிப் பிளக்கவேண்டும் என்று காட்டிக் கொடுத்தார்.